ஒற்றன் கொண்டுவந்த ஐந்து செடிகள்

1764ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி. வெர்சாய் அரண்மனையில் பதினைந்தாம் லூயி மன்னரின் முன் ஒரு இளைஞன் தான் காய்க்கவைத்த ஸ்ட்ரோபெரிப் பழங்களைக் கொண்டுபோய் வைத்தான். பெயர் அந்துவான் நிக்கொலா துஷேன். பதினேழு வயது இன்னும் நிரம்பவில்லை. ஐம்பது வருடமாகப் பெரும்பாலான தோட்டங்களில் பூத்துப் பூத்து மலடாகவே நின்ற சிலி நாட்டுச் செடி அவன் கையில் காய்த்திருந்தது. இன்று நாம் உண்ணும் ஸ்ட்ரோபெரியின் வம்சம் வெளிச்சத்துக்கு வந்தது அதற்குப் பின்புதான். அந்த நாளைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தச் செடியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தவரைக் கடந்து என்னால் போக முடியவில்லை.

அமெதே ஃபிரான்சுவா ஃபிரெசியே 1682இல் சவோய் நாட்டின் ஷாம்பெரி நகரில் பிறந்தவர். காலாட்படையில் சேர்ந்தார். அங்கே இருந்தபடியே 1706இல் வாணவேடிக்கைக் கலை பற்றி ஒரு முழு நூலை எழுதி வெளியிட்டார். அதன் பிறகு இராணுவப் பொறியியலாளராக மாறி, சென் மாலோ துறைமுகத்தில் கோட்டைச் சுவர் கட்டும் வேலைக்குப் போனார். தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் ஸ்பானியர் எங்கெங்கே கோட்டை வைத்திருக்கிறார்கள், எத்தனை பீரங்கி, எந்தப் பக்கம் சுவர் பலவீனம் என்று அறிந்துவர ஆள் தேடியபோது பதினான்காம் லூயியின் அரசு இவரைத்தான் தேர்ந்தெடுத்தது. ஸ்பெயினின் அரியணையில் அப்போது இருந்தவர் லூயியின் சொந்தப் பேரன். பேரனின் கோட்டைகளை வேவு பார்க்கப் பாட்டனார் ஆள் அனுப்பிய காலம் அது.

1712 ஜனவரியில் சென் ஜோசப் என்ற கப்பலில் வணிகர் வேடத்தில் புறப்பட்டார். ஹோர்ன் முனையைச் சுற்றி, புயல்களில் அடிபட்டு, ஜூன் 16ஆம் திகதி சிலியின் கொன்செப்சியோன் துறைமுகத்தை அடைந்தபோது ஐந்து மாதம் கழிந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் செய்ததைப் படிக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. ஆளுநர்களோடு விருந்துண்டார். கோட்டைகளைச் சுற்றிப்பார்க்க வந்த வெளியூர் வியாபாரியாக நடந்து, மதில்களை மனதுக்குள் அளந்தார். வல்பரைசோ, சன்டியாகோ, கயாவோ, லிமா என்று கரையோரம் முழுக்க வரைபடம் வரைந்தார். அளப்பதற்கென்று அனுப்பப்பட்ட கண், கோட்டையோடு நின்றுவிடவில்லை. மக்களின் உடை, சுரங்கம், மரம், செடி, பூ எல்லாவற்றையும் அதே கணக்கோடு பார்த்தது. அப்படித்தான் வயல்வயலாகப் படர்ந்து கிடந்த சிலி ஸ்ட்ரோபெரியைக் கண்டார்.

ஐரோப்பா அதுவரை அறிந்திருந்த காட்டு ஸ்ட்ரோபெரி சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும். சிலியில் இவர் கண்டது வழமையாக வால்நட் கொட்டையின் பருமன், சில நேரம் கோழி முட்டையின் பருமன். இலை தடித்தது, உருண்டது, மயிர் நிறைந்தது. பழம் வெண்சிவப்பு. சுவையில் ஐரோப்பியக் காட்டுப் பழத்துக்குச் சற்றுக் குறைவு. இத்தனையையும் குறித்து வைத்தார், குறையையும் சேர்த்து. பயிர் ஒன்றை விவரிக்கிறவர் இப்படித்தான் எழுத வேண்டும். இனிப்பு, அருமை, அற்புதம் என்று மூன்று சொல்லில் முடித்துக்கொள்ளும் இன்றைய விதைக் கம்பனி விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இவருடைய நேர்மைதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பெரிய பழம் காட்டில் தானாக விளைந்ததல்ல. மப்புச்சே மக்களும் அவர்களுடைய அயலவரும் ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே அதை வீட்டுப் பயிராக்கி, நல்லதைப் பிரித்தெடுத்து, ஓடுதண்டு நட்டுப் பெருக்கி வந்தார்கள். ஸ்ட்ரோபெரியின் முதல் இனவிருத்தியாளர்கள் அவர்கள்தான். வரலாற்று நூல்கள் ஃபிரெசியேயின் பெயரை வைத்திருக்கின்றன, துஷேனின் பெயரை வைத்திருக்கின்றன. வயலில் குனிந்து தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவரின் பெயர்கூட இல்லை. நம் மலையகத்தில் தேயிலைக் கன்று நட்டவர்களின் பெயரை எந்தத் தோட்டத்துப் பலகையில் பார்த்தோம்?

1714 பெப்ரவரியில் ஃபிரெசியே ஊர் திரும்பக் கப்பலேறினார். சட்டிகளில் ஸ்ட்ரோபெரிச் செடிகளும் ஏறின. ஆறு மாதப் பயணம். பூமத்திய ரேகையின் வெயில். கப்பலில் நன்னீரின் விலை என்ன என்று கொழும்பு முகத்துவாரத்து மீனவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐஸும் தண்ணீரும் நிரப்பாமல் நம் துறைமுகத்திலிருந்து பலநாள் படகு ஒன்றும் ஆழ்கடலுக்குப் போகாது. மாலுமிகளின் நாக்கு வறண்டு கிடக்கும் மரக்கப்பலில், ஒருவர் செடிக்கு ஊற்றத் தண்ணீர் கேட்கிறார். சரக்குப் பொறுப்பாளராக இருந்த ரூ த வல்பொன் அதற்கு இணங்கினார். ஓகஸ்ட் 17ஆம் திகதி கப்பல் மார்செய் துறையை அடைந்தபோது ஐந்து செடி உயிரோடு இருந்தன.

ஐந்தில் இரண்டை நன்றிக்கடனாக அந்தச் சரக்குப் பொறுப்பாளருக்கே கொடுத்தார். ஒன்று பாரிஸ் அரச தோட்டத்தில் இருந்த தாவரவியலாளர் அந்துவான் த ஜூசியேக்கு. ஒன்று கோட்டைகளுக்குப் பொறுப்பான தம் மேலதிகாரிக்கு. ஐந்தாவதைத் தானே வைத்துக்கொண்டார். ஒற்றர் என்றாலே வில்லன் என்று எழுதிப் பழகிவிட்டோம். தண்ணீர் தந்தவருக்கு முதல் பங்கும் அதிகாரத்துக்கு அடுத்த பங்கும் கொடுத்த இந்த மனிதரை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் இல்லை. இவர் அளந்த கோட்டைகளை எந்தப் பிரெஞ்சுப் படையும் போய்த் தாக்கவும் இல்லை. 1716இல் தம் பயணத்தை நூலாக்கினார். மறு ஆண்டே ஆங்கிலத்தில் வந்தது. அவருக்கு முன்னரே அந்தக் கரையை அளந்திருந்த பாதிரியார் லூயி ஃபெயே அதைக் கண்டு கொதித்து, பல வருடம் கழித்துத் தம் நூலில் தாக்கி எழுதினார். ஃபிரெசியே 1727இல் பதில் எழுதினார். அந்தச் சண்டையில் நான் ஃபிரெசியே பக்கம்.

அவர் கொண்டுவந்த செடிகள் ஓடுதண்டு விட்டுப் பெருகின. தோட்டம் தோட்டமாகக் கை மாறின. 1727இல் இலண்டன் செல்சி மூலிகைத் தோட்டத்தின் பிலிப் மில்லர் ஒல்லாந்திலிருந்து அவற்றைப் பெற்றார். அங்கே அச்செடியை வளர்த்துவந்தவர் ஜோர்ஜ் கிளிஃபர்ட். இந்தப் பெயர் கொழும்பில் இருக்கும் நமக்கு அயலானதல்ல. கிளிஃபர்ட் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணிப்பாளர்களில் ஒருவர். நம் கோட்டையையும் கறுவாக் காட்டையும் அப்போது ஆண்ட கம்பனி அது. அவருடைய தோட்டத்தில் இருந்து செடிகளை ஆராய்ந்து நூல் எழுதியவர் தாவரவியலாளர் லின்னேயஸ். கொழும்பில் 1670களில் கம்பனி மருத்துவராக இருந்த பவுல் ஹெர்மன் சேகரித்த உலர்செடிகளை வைத்து, 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதியவரும் இதே லின்னேயஸ்தான். இலங்கைக்குக் கால் வைக்காமலேயே நம் செடிகளை அவ்வளவு நுட்பமாக விவரித்த மேதை, சிலி ஸ்ட்ரோபெரியில் தவறினார். 1753இல் அதை ஐரோப்பியக் காட்டு ஸ்ட்ரோபெரியின் ஒரு வகை என்று மட்டும் போட்டார். அதைத் தனி இனமாக உயர்த்தியவர் மில்லர், 1768இல்.

செடிகள் பெருகின, காய்க்கவில்லை. மண் சரியில்லை என்றார்கள், குளிர் என்றார்கள். காரணம் ஃபிரெசியேயின் தேர்விலேயே இருந்தது. சிலி ஸ்ட்ரோபெரியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. வயலில் போய், பெரிய பழம் தொங்குவதைப் பார்த்து எடுத்தவர் வேறு எதைக் கொண்டுவர முடியும்? ஐந்தும் பெண். ஓடுதண்டில் வரும் கன்று தாயின் அச்சு ஆகையால், ஐரோப்பா முழுவதும் பரவிய அத்தனையும் பெண். மகரந்தம் தர ஓர் ஆண் செடி அந்தக் கண்டத்தில் இல்லை.

பிரித்தானி மாகாணத்தில் பிரெஸ்ட் துறைமுகத்தை அடுத்த புளுகஸ்தெல் விவசாயிகள் மட்டும் இதற்கு வழி கண்டார்கள். வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வர்ஜீனிய ஸ்ட்ரோபெரியைச் சிலிச் செடிகளின் இடையிடையே நட்டார்கள். காய்த்தது. ஏன் என்று அவர்களுக்குக் கவலை இல்லை, சந்தை இருந்தது. ஃபிரெசியே 1740 முதல் பிரெஸ்டில்தான் கோட்டைப் பணிப்பாளராக இருந்தார் என்பதை நினைக்கும்போது மனம் நிறைகிறது. அவருடைய செடி பழம் தந்தது அவர் கண்ணெதிரே. அந்த அயல் நடவிலும் வேறு தோட்டங்களிலும் விழுந்த விதைகளில் இருந்து புதிய ஒன்று முளைத்தது. பெரிய பழம் சிலியினுடையது, நிறமும் மணமும் வர்ஜீனியாவினுடையது. அன்னாசியின் வாசத்தை வைத்து அதற்குப் பெயர் வைத்தார்கள். நுவரெலியாவில் இன்று விளைவதும் அதன் வழிவந்ததே.

அதை இரண்டின் கலப்பு என்று முதலில் எழுதியவன் துஷேன். ஸ்ட்ரோபெரியில் ஆண் பெண் உண்டு என்பதைக் கண்டு, சிலிப் பெண் பூவுக்கு ஐரோப்பியக் கஸ்தூரி ஸ்ட்ரோபெரியின் மகரந்தத்தை இட்டுத்தான் மன்னருக்குக் கொடுத்த அந்தப் பழத்தை வரவழைத்தான். 1766இல் பதினெட்டு வயதில் ஸ்ட்ரோபெரிகளின் இயற்கை வரலாறு என்ற நூலை வெளியிட்டான். ஃபிரெசியே அப்போது உயிரோடிருந்தார். 1773இல், தொண்ணூறைத் தாண்டித்தான் இறந்தார். ஆசிய மலைகளில் மஞ்சள் பூப் பூத்து, சுவையில்லாத சிவப்புப் பழம் தரும் பொய் ஸ்ட்ரோபெரி ஒன்று உண்டு. தாவரவியலாளர்கள் துஷேனின் பெயரை அதற்குத்தான் சூட்டினார்கள். உண்மை ஸ்ட்ரோபெரியின் வம்சத்தைக் கண்டுபிடித்தவனுக்கு இது நியாயமே இல்லை.

ஏன் சில ஸ்ட்ரோபெரிகள் எளிதில் கலக்கின்றன, சில கலக்க மறுக்கின்றன? விடை நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஐரோப்பியக் காட்டு ஸ்ட்ரோபெரிக்கு 14 நிறமூர்த்தம், கஸ்தூரிக்கு 42. சிலிக்கும் வர்ஜீனியாவுக்கும் 56. இருபுறமும் ஒரே கணக்கு ஆகையால், தொலைவு பிரித்துவைத்திருந்த அந்த இரண்டும் சந்தித்த உடனே இணைந்தன.

இந்தக் கணக்கைத் தாண்டிய ஒரு புதிய வகைக்கும் நம் பக்கத்து மலைக்கும் தொடர்பு உண்டு. 14 நிறமூர்த்தம் கொண்ட இன்னொரு காட்டு ஸ்ட்ரோபெரிக்கு நீலகிரியின் பெயர். ஷ்லெக்டென்டால் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் வைத்த அந்தப் பெயரை 1857இல் ஜாக் கே பதிப்பித்தார். மயிர் அடர்ந்த இலை, வெளிறிய சிறு பழம், பீச் பழம் போன்ற மணம். நீலகிரியிலும் வடகிழக்கு இந்திய மலைகளிலும் சீனாவின் யுன்னானிலும் அது வளர்கிறது. அந்த மணத்தைத் தோட்டத்து ஸ்ட்ரோபெரிக்குக் கொண்டுவர ஜப்பானிய ஆய்வாளர் நொகுச்சியும் குழுவினரும் முயன்றார்கள். டொயோனோகா என்ற தோட்டத்து வகை தாய். யுன்னானில் இருந்து வந்த நீலகிரி ஸ்ட்ரோபெரி தந்தை. தாயிடமிருந்து 28, தந்தையிடமிருந்து 7, சேர்ந்து 35. ஒற்றைப்படையாய் நிற்கும் நிறமூர்த்தங்கள் இணை சேர முடியாமல், கன்று மலடாகும். எனவே கொல்கிசின் என்ற மருந்தை இட்டு அவற்றை 70ஆக இரட்டித்தார்கள். செடி காய்த்தது.

கொல்கிசின் நம் வேலிகளில் படரும் கார்த்திகைப்பூவின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சு. தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, மருந்துக்காக விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். நிறமூர்த்தத்தை அது இரட்டிக்கும் என்று உலகம் அறிந்தது 1937இல். கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ந்த ஜானகி அம்மாள் பின்னர் இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியாக்களுக்கு அதே மருந்தை இட்டார். 1945இல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்களின் நிறமூர்த்தத் தொகுப்பை வெளியிட்டவரும் அவரே. அவர் ஒருவருக்கே இந்தத் தொடரில் நான்கு வாரம் ஒதுக்க வேண்டும்.

குருமே ஐஎச் 1 என்று பெயரிட்ட அந்தச் செடியைப் பற்றி ஜப்பானியர் 2002இல் எழுதினார்கள். அதே வழியில் மேலும் கலந்து உருவாக்கிய டோக்கூன் என்ற வகை 2011இல் பதிவானது. பழம் வெளிர் இளஞ்சிவப்பு, சதை மென்மை, பீச்சின் மணம். புதிய வகை என்று பதிவதற்கு அது ஏற்கனவே உள்ளவற்றிலிருந்து வேறுபட்டதாகவும், எல்லாச் செடியிலும் ஒரே சீராகவும், தலைமுறை மாறினாலும் மாறாததாகவும் இருக்க வேண்டும். இலையின் நிறம், காம்பின் மயிர், பூவின் அளவு, பழத்தின் வடிவு என்று ஒவ்வொன்றும் எழுதப்பட வேண்டும். 1712இல் கொன்செப்சியோனின் வயலில் நின்று ஃபிரெசியே குறித்ததும் ஏறத்தாழ அதே பட்டியல்தான்.

துஷேனின் 1766ஆம் ஆண்டு நூலையும், டார்வினுக்குத் தொண்ணூறு வருடம் முன்னரே அதில் அவன் வரைந்துவிட்ட ஸ்ட்ரோபெரிகளின் வம்ச மரத்தையும் அடுத்த வாரம் முழுமையாகப் பார்க்கலாம்.

(தொடரும்)