பின் போட்டேன், அப்புறம் அழிச்சேன்: ராஜபாளையம் அருவிகளும் ஒரு மேப் கதையும்

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். காலேஜ் முடிச்ச புதுசுல, ராஜபாளையம் பக்கத்து மலை ஓடைகளை ஜிபிஎஸ்ல பதிஞ்சு, மேப்ல பின் போட்டு நண்பர்களுக்கு அனுப்புறதுதான் என் வீக்கெண்ட் வேலை. அய்யனார் கோவில் அருவியும், ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்புல இருக்கிற மீன்வெட்டிப் பாறை அருவியும் ஊருக்கே தெரியும். நான் தேடினது மேப்ல பேரே இல்லாத அருவிகளை. நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்னு ஒரு பெருமை வேற!

உண்மையில முதல் ஆள் யாரு? இந்த ரெண்டு அடிவாரத்துலயும் பளியர் குடியிருப்பு இருக்கு. தேனுக்கும் கிழங்குக்கும் தலைமுறை தலைமுறையா இந்த ஓடைகளைத் தாண்டிப் போனவங்க அவங்க. மேப் அவங்க நினைவுல இருந்துச்சு.

காகித மேப் வந்தது ரொம்பப் பின்னாடி. 1802-ல வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை பக்கத்துல அடிக்கோடு அளந்து, பெரிய முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். கோபுரங்களும் மலை உச்சிகளும்தான் அவருக்குக் குறிகள். 1808-ல தஞ்சைப் பெரிய கோவில்ல ஏத்தும்போது, அரை டன் எடையுள்ள அளவுக்கருவியே சேதமாச்சு. 1821-ல பி.எஸ். வார்டு பழனி மலையை அளந்தார். கம்பெனி ஆட்சிக்கு நிலமும் எல்லையும் தெரியணும். மேப் அரசாங்கத்தோட சொத்து.

2004-ல ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வந்ததும் கதை மாறுச்சு. யார் வேணும்னாலும் வரையலாம். 2021 பிப்ரவரியில மத்திய அரசும் வரைபடத் தரவு விதிகளைத் தளர்த்துச்சு. வேடிக்கை என்னன்னா, அதே மாசம்தான் நம்ம மலை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆச்சு. மேப் திறந்துச்சு, காடு மூடுச்சு!

எனக்கு அப்போ கோபம்தான். ஆனா அதுக்கு முன்னாடியே ஒரு பாடம் நடந்திருந்துச்சு. நான் போட்ட பின் கைமாறிக் கைமாறி, எனக்குத் தெரியாத பசங்ககிட்டப் போயிருக்கு. அவங்க ஐப்பசி மழையில போய், ஓடை பெருகி, அக்கரையில சாயங்காலம் வரைக்கும் மாட்டிக்கிட்டாங்க. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. 2015 மே மாசம் சதுரகிரியில திடீர் வெள்ளம் பக்தர்களோட உயிரையே எடுத்ததை நினைச்சா, இப்பவும் வயிறு கலங்குது.

அதுக்கப்புறம் அடிவாரத்துல ஒரு பளியர் பெரியவரைப் பார்த்தேன். "தம்பி, வழி சொல்றது லேசு. எப்பப் போகக் கூடாதுன்னு யாரு சொல்றது?"ன்னார்.

எஞ்சினியர் மூளைக்கு அப்பதான் உறைச்சுது. என் பின்ல அட்சரேகை, தீர்க்கரேகைன்னு ரெண்டு எண்தான் இருக்கு. மேல மலையில மழை பெய்யுதாங்கறது அதுல இல்லை. அய்யனார் கோவில் ஆத்துத் தண்ணிதான் ராஜபாளையத்துக்குக் குடிநீரா வருதுங்கறதும் இல்லை. பெரியவர் மேப்ல அது எல்லாமே இருக்கு.

அன்னைக்கு ராத்திரியே காட்டுக்குள்ள போட்ட பின்களை அழிச்சேன். நண்பர்கள் போன்ல இருக்கிறதை என்னால அழிக்க முடியலை. அந்த உறுத்தல் இன்னும் இருக்கு. இப்போ வனத்துறை அனுமதிக்கிற இடங்களை மட்டும்தான் பகிர்றேன். கூடவே ஒரு வரி: மேல மேகம் கறுத்தா, அருவியில தண்ணி கம்மியா இருந்தாலும் உடனே கரையேறுங்க.

உங்க போன்லயும் இப்படி ஒரு பின் இருக்கா? அடுத்தவங்களுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி, அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை ஒரு தடவை கேட்டுக்கோங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.