பத்தரை மாற்றும் பதினான்கு காரட்டும்

மணவீட்டில் மோதிரம் சிறு பொருளே. ஆயினும் மாப்பிள்ளைக்குப் பெண்வீட்டார் அணிவிப்பதும், குடத்து நீரில் இட்டு மணமக்களைத் தேடியெடுக்கச் செய்வதும் அதனையே. முன்னோர் மோதிரம் ஒன்றை அச்சடங்குக்குத் தேர்ந்தெடுப்போர் அதன் வரலாற்றையும் அறிதல் நலம்.

1962 அக்டோபரில் சீனப்படை நம் எல்லையைத் தாக்கிற்று. தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் தம் வளையல்களையும் மோதிரங்களையும் கழற்றிக் கொடுத்தனர். அவ்வாண்டுகளில்தான் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை உருவாகி, 1965-இல் விஜயந்தா டாங்கியை ஈன்றது. தளவாடத்திற்கு அந்நியச் செலாவணி வேண்டும்; கடத்தற் பொன்னோ அதனைக் கரைத்தது. ஆகவே 1963 ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது, பொன் கட்டுப்பாட்டு விதிகள் பிறந்தன. புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேற்படலாகாது என்றாயிற்று.

அதாவது, 24 பங்கில் 14 பங்கே பொன். எஞ்சியது செம்பு, வெள்ளி முதலியன. பத்தரை மாற்றையே பொன்னென மதித்த நம்மவர் அதனை ஏற்கவில்லை. உலையும் உரைகல்லுமே உடைமையாகக் கொண்ட பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். 1966-இல் அவ்வரம்பு நீங்கிற்று. 1968-இல் இயற்றப்பட்ட பொன் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1990-இல் நீக்கப்பட்டது.

பூந்தமல்லியில் என் உறவினர் இல்லத்தில், பேத்தியின் திருமணத்திற்கு இரு மோதிரங்களை எடுத்து வைத்தனர். ஒன்று கனமான 22 காரட். மற்றது நிறம் மங்கியது. 1964-இல் பாட்டனார் தம் மணத்தன்று அணிந்தது. பத்தர் உரைகல்லில் தேய்த்து, “மாற்றுக் குறைவு” என்றார். “மாப்பிள்ளைக்கு மட்டப் பொன்னா? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பர்?” என்று அத்தையார் வருந்தினார். உருக்கிவிடலாம் என்றனர் சிலர்.

நான் மேற்சொன்ன வரலாற்றை எடுத்துரைத்தேன். மாற்றுக் குறைந்தது பாட்டனாரின் வறுமையாலன்று, நாட்டின் நெருக்கடியால் என்றேன். கலப்பு மிகுந்த பொன் கடினமானது. ஆதலால் விரைவில் தேயாது என்றும் கூறினேன். அதுவரை வாய் திறவாதிருந்த பாட்டியார், “அவர் கடைசி நாள் வரையில் அதனைக் கழற்றவில்லை, அதையே போடுங்கள்” என்றார். சம்பந்தி வீட்டாரிடம் செய்தியை மறையாது சொன்னோம், மகிழ்ந்து ஏற்றனர். விரலளவுக்கு ஏற்ப அதனைச் சற்றே பெரிதாக்கியதோடு சரி.

2021 முதல் கடைகள் விற்கும் நகைக்கு ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாயிற்று. பழம் மோதிரங்களில் அது இராது. தூய்மையைச் சோதித்தறிவது முறையே. ஆனால் உருக்கும் முன், அது எந்த ஆண்டில், யார் விரலில் ஏறியது என்று வீட்டு முதியோரைக் கேளுங்கள்.