சென்னையின் முதல் மின்சார வண்டிகள்

1895-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆம் தேதி, பல்லக்கும் ரேக்ளாவும் ஜட்காவும் மாட்டுவண்டியுமே பிரயாண சாதனங்களாக விளங்கிய சென்னைப் பட்டணத்தில், முன்னால் இழுத்துச் செல்லப் பிராணி எதுவும் இல்லாமலும், புகையோ நீராவியோ கக்காமலும், தெருவில் பதித்த தண்டவாளத்தின்மீது தானே நகர்ந்து செல்லும் டிராம் வண்டி ஓடத் தொடங்கிற்று. இந்திய தேசத்தில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் இதுவே. குதிரை பூட்டிய டிராம்களை வெகுகாலம் நடத்திவந்த கல்கத்தா நகரம் 1902-இல்தான் மின்சாரத்துக்கு மாறியது. பம்பாய் 1907 வரையில் காத்திருந்தது. சாம்ராஜ்யத்தின் தலைநகராகிய லண்டனிலேகூட மின்சார டிராம்கள் முறையாக ஓட ஆரம்பித்தது 1901-இல்தான். மந்தகதியில் நடக்கும் ஊர் என்று பிற நகரத்தார் கருதிய சென்னைக்கு இந்த முதன்மை வாய்த்தது மெய்யாகவே பெருமைக்குரிய விஷயம்.

ஆனால் அந்தப் பெருமையைச் சொல்லி அமைவதோடு சரித்திரத்தின் பயன் முடிந்துவிடுவதில்லை. வண்டி எப்படிப்பட்டது, எந்தத் தெருவில் ஓடியது என்பவற்றைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த வண்டிக்கு வேண்டிய சக்தி எங்கே உற்பத்தியாயிற்று, எவ்வழியாக வந்து சேர்ந்தது, அவ்வழியைப் பாதுகாக்கும் பாரத்தை யார் சுமந்தார்கள் என்ற கேள்விகளை எழுப்பியவர்கள் சிலரே. மின்சார ஸ்கூட்டர்களும் கார்களும் பஸ்களும் நாள்தோறும் பெருகிவரும் இக்காலத்தில், நமக்கு உண்மையாகப் பாடம் புகட்டக்கூடியவை அந்தக் கேள்விகளேயாகும்.

டிராம் ஓடத் தொடங்கிய நாளில் சென்னையில் மின்சாரத்தை விலைக்கு விற்பவர் எவரும் இல்லை. வீதி விளக்குகள் எண்ணெயால் எரிந்தன. செல்வர் மாளிகைகளில்கூடப் பங்காவைக் கையால் இழுக்கும் ஆட்களே காற்று வீசினார்கள். ஆகவே டிராம் நடத்த முன்வந்த கம்பெனியார், தண்டவாளம் போட்டு வண்டிகளை வருவித்ததோடு நில்லாமல், தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே உற்பத்தி செய்துகொள்ளவும் வேண்டியிருந்தது. உற்பத்தி செய்த மின்சாரத்தை ஓடும் வண்டிக்குள் செலுத்த அவர்கள் முதலில் கைக்கொண்ட முறையோ மிகவும் விசித்திரமானது. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே, தெருவின் தரைக்கடியில் ஒரு கால்வாய் அமைத்து, அதற்குள் மின்சாரம் பாயும் உலோகச் சட்டங்களைப் பொருத்தி, மேற்புறத்தில் குறுகலான ஒரு பிளவை மட்டும் நெடுகிலும் விட்டிருந்தார்கள். வண்டியின் அடியிலிருந்து அந்தப் பிளவின் வழியே இறங்கிய ஒரு கரம், சட்டத்தைத் தொட்டவண்ணம் சென்று, மின்சாரத்தை வாங்கி மேலே உள்ள மோட்டாருக்குக் கொடுத்தது. கம்பிகள் தலைக்குமேல் தொங்கி நகரத்தின் அழகைக் கெடுக்கலாகாது என்று எண்ணியவர்கள் அக்காலத்தில் ஐரோப்பாவிலும் இந்த முறையையே விரும்பினார்கள். புடாபெஸ்ட் நகரில் இது செம்மையாகவும் நடைபெற்றது.

சென்னையின் பூமியும் வானமும் இதற்கு இசையவில்லை. ஏறக்குறைய முழுவதும் சமதரையாக அமைந்து, கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்து கிடக்கும் இவ்வூரில், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பொழியும்போது, வடிவதற்குச் சரிவு காணாத வெள்ளம் தெருக்களில் தேங்கி நிற்பது இன்றும் நாம் அறிந்ததே. அந்த வெள்ளம் தரையடிக் கால்வாய்க்குள் புகுந்து, சேற்றையும் மணலையும் நிரப்பி, மின்சாரத்தைப் பூமிக்குள் கசியச் செய்தது. வண்டிகள் ஆங்காங்கே நின்றன. இங்கிலாந்தின் கடற்கரை நகரமாகிய பிளாக்பூலில் 1885-ஆம் ஆண்டு இதே முறையில் அமைத்த டிராம் பாதையும் கடல் நீராலும் மணலாலும் இவ்வாறே கெட்டு, 1899-இல் மேல்நிலைக் கம்பிக்கு மாறவேண்டியிருந்தது. சென்னையிலும் அதுவே நேர்ந்தது. சில ஆண்டுகளில் தரையடிக் கால்வாயைக் கைவிட்டு, கம்பம் நட்டு, தலைக்குமேல் கம்பி கட்டினார்கள். வண்டியில் குறை ஒன்றும் இல்லை. மோட்டாரிலும் குறை இல்லை. மண்ணையும் மழையையும் கருதாமல் வகுத்த மின்பாதையிலேதான் குறை இருந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

அதன் பின்னர், மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட் என்ற கம்பெனியின் நிர்வாகத்தில், டிராம் நகரத்து வாழ்க்கையின் ஓர் அங்கமாயிற்று. துறைமுகமும் பாரிமுனையும் தங்கசாலையும் மவுண்ட் ரோடும் ரிப்பன் கட்டடமும் அதன் பாதைகளால் இணைந்தன. 1921-ஆம் ஆண்டில், உச்சநிலையில் இருந்தபோது, சுமார் 24 கிலோமீட்டர் பாதையில் 97 வண்டிகள் ஓடின. ஜட்காக்காரனிடம் பேரம் பேச இயலாத ஏழைத் தொழிலாளியும், கச்சேரிக்குச் செல்லும் குமாஸ்தாவும், கல்லூரி மாணவனும் ஒரே பலகையில் அருகருகே உட்கார்ந்து பிரயாணம் செய்யும் சமத்துவத்தை இவ்வூரார் டிராமிலும் ரயிலிலுமே பழகிக்கொண்டார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதற்கிடையே, நகருக்கு விளக்கொளியும் தொழில்சக்தியும் வழங்குவதற்கென்று மெட்ராஸ் எலெக்ட்ரிக் ஸப்ளை கார்ப்பொரேஷன் என்ற ஸ்தாபனம் தோன்றி, பேசின் பிரிட்ஜ் அருகே நிலக்கரியால் இயங்கும் மின்சார நிலையம் ஒன்றை நிறுவியது. நிலக்கரி விளையாத இந்த ராஜதானிக்கு அது வெகுதூரத்திலிருந்து வந்து சேரவேண்டும். ஆதலால் மின்சாரம் நகரத்துக்குள் அடங்கிய, விலை மிகுந்த பண்டமாகவே சில காலம் இருந்தது. இந்த நிலையை மாற்றியவை மலையருவிகள். நீலகிரியில் பைக்காரா நதியின் நீரை ஏறத்தாழ 3,000 அடி கீழே சிங்காராவிலுள்ள மின் நிலையத்துக்குப் பாயச் செய்து எடுத்த மின்சாரம் 1932-இல் கோயம்புத்தூர்ப் பிரதேசத்தை எட்டியது. அங்கே பஞ்சாலைகள் பெருகின, கிணறுகளில் பம்புசெட்டுகள் இறங்கின. 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் தத்தம் பங்கைச் செலுத்தலாயின. ஓர் ஊருக்கு ஒரு நிலையம் என்ற ஏற்பாடு போய், ஒரு மலையின் நீர் பல ஜில்லாக்களுக்குச் சக்தி தரும் மின்தொடர் உருவான காலம் அது.

அந்த யுகத்தின் வாசலிலேதான் சென்னையின் இரண்டாவது மின்சார வண்டி வந்தது. பம்பாயில் 1925-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி தேசத்தின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. ஆறு ஆண்டுகள் கழிந்து, 1931-இல், தென்னிந்திய ரயில்வே கம்பெனியார் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே, ஏறக்குறைய 29 கிலோமீட்டர் தூரத்துக்கு, 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கும் ரயில்களை விட்டார்கள். இந்தியாவின் மீட்டர் கேஜ் பாதைகளில் மின்சாரம் கண்ட முதற்பாதை இதுதான். கம்பியில்லாத பக்கப் பாதைகளிலும் வேலை செய்யவேண்டி, மின்கலங்களைச் சுமந்த தனி வண்டி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் எஞ்சின்களையும் அவர்கள் வருவித்தார்கள். கம்பியிலிருந்து விடுபட்டுத் தன் சக்தியைத் தானே சுமந்து செல்லும் வண்டி என்ற எண்ணம் அன்றே இவ்வூரில் செயலுக்கு வந்திருந்தது. மயிலாப்பூர்ப் பெரிய ஏரியைத் தூர்த்து அப்போதுதான் எழும்பியிருந்த தியாகராய நகரும் மாம்பலமும், அப்பாலுள்ள சைதாப்பேட்டையும் பல்லாவரமும் குரோம்பேட்டையும், இந்த ரயிலின் துணையால் நகரத்தோடு ஒட்டி வளர்ந்தன. ஸீஸன் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காலையில் கோட்டைக்கும் மாலையில் வீட்டுக்கும் செல்லும் ஒரு பெரிய மத்திய வகுப்பே இந்தப் பாதையோரத்தில் உருவாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, வெளிநாட்டுப் பெட்ரோலுக்குக் கடுமையான பங்கீடு வந்து, பஸ்கள் அடுப்புக்கரியிலிருந்து எடுத்த வாயுவைக் கொண்டு தள்ளாடித் தள்ளாடி ஓடவேண்டிய நிலை ஏற்பட்டது. பெட்ரோலை எதிர்பாராத மின்சார வண்டிகளின் அருமையை நகரம் உணர்ந்திருக்க வேண்டிய சமயம் அது. எனினும் யுத்தம் முடிந்து பெட்ரோலும் டீசலும் தாராளமாகக் கிடைக்கவே, அந்த உணர்வு நிலைக்கவில்லை. 1947 முதல் அரசாங்கம் சொந்தமாகப் பஸ்களை நடத்த முற்பட்டது. டிராம் கம்பெனியின் செலவு ஏறிற்று, வருமானம் குறைந்தது, தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு முற்றிற்று. கடைசியில் 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, ஐம்பத்தெட்டு வருஷம் ஓடிய டிராம் நின்றுபோயிற்று. பல தொழிலாளர் குடும்பங்கள் ஒரே நாளில் ஜீவனத்தை இழந்தன. நாளடைவில் தண்டவாளங்கள் தார் ரோட்டுக்குக் கீழே மறைந்தன.

டிராம் வீழ்ந்ததற்குக் காலத்தின் மாறுதலையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது அரைகுறை விளக்கமே என்பது என் துணிபு. பஸ் ஓடுவதற்கு வேண்டிய சாலையை ஜனங்களின் வரிப்பணத்தால் அரசாங்கமும் நகரசபையும் போட்டுக் காத்துவந்தன; டிராம் ஓடுவதற்கு வேண்டிய தண்டவாளத்தையும் கம்பத்தையும் கம்பியையுமோ, டிக்கெட்டு விற்ற காசிலிருந்து அந்தக் கம்பெனியே போட்டுக் காக்கவேண்டியிருந்தது. ஒருவன் பொதுக்குளத்தில் நீர் மொண்டு பயிர் செய்ய, மற்றொருவன் தானே கிணறு வெட்டி இறைத்துப் பயிர் செய்தால், சந்தையில் இருவரும் ஒரே விலைக்கு விற்பது எங்ஙனம் சாத்தியம்? மின்பாதை என்பது நகரத்தின் பொதுச்சொத்து என்ற எண்ணம் பிறவாதவரையில், மின்சார வண்டி தோற்பது நிச்சயமாயிருந்தது.

இக்கூற்றுக்குச் சாட்சி வேண்டுமானால் அதே ஊரில் ஓடும் ரயிலைப் பார்க்கலாம். அந்த ரயில்வே 1944-இல் அரசாங்க நிர்வாகத்துக்கு வந்து, 1951-இல் தென்னக ரயில்வேயின் பகுதியாயிற்று. ஆயிரத்தைந்நூறு வோல்ட் நேர்மின்சாரம் இனிப் போதாது என்று கண்டபோது, பழைய ஏற்பாட்டையே கட்டிக்கொண்டு அழாமல், 1960-களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு முழுப்பாதையையும் மாற்றி, விழுப்புரம் வரையில் கம்பியை நீட்டினார்கள். பின்னர் 2004-க்குள் மீட்டர் கேஜும் போய் அகலப்பாதை வந்தது. வண்டி மாறியது, தண்டவாளம் மாறியது, மின்சாரத்தின் இயல்பே மாறியது. சேவை மட்டும் அறுபடவில்லை. தலைமுறைக்கு ஒருமுறை பொதுப்பணத்தால் மின்பாதையைப் புதுப்பித்தார்கள். அதனாலேயே ரயில் பிழைத்தது.

2025-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பஸ்களை ஓட்டத் தொடங்கியது. பழைய பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையம் இருந்த இடத்துக்கு அடுத்த பேட்டைதான் வியாசர்பாடி. தண்டவாளமும் கம்பியும் வேண்டாத வண்டிகள் வந்துவிட்டனவே, இனி மின்பாதையைப் பற்றிய கவலை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பாதை மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. நூறு பஸ்கள் ஒரே இரவில் சார்ஜ் ஏறவேண்டுமானால், சில ஆயிரம் வீடுகள் ஒரு நாளில் செலவிடும் மின்சாரம் அந்த ஒரு பணிமனைக்கே வந்தாகவேண்டும். அதற்கேற்ற கேபிளும் டிரான்ஸ்பார்மரும், வெள்ளம் எட்டாத மேடையும் வேண்டும். தெருமுனையில் உள்ள டிரான்ஸ்பார்மர் விளக்குக்கும் விசிறிக்கும் என்று கணக்கிட்டு வைத்தது; அத்தெருவில் பத்து வீட்டார் ஒரே நேரத்தில் காரை சார்ஜ் போட்டால் அது தாங்காது. நம் நாட்டில் காற்றாலைகள் முப்பந்தல் முதலான கணவாய்களில் வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரையில் மிகுதியாகச் சுழல்கின்றன. சூரியசக்தியோ நண்பகலில் பெருகி மாலையில் மறைகிறது. வண்டிகளோ பெரும்பாலும் இரவில் சார்ஜ் கேட்கின்றன. கிடைக்கும் பொழுதையும் வேண்டும் பொழுதையும் பொருத்திவைக்கும் சாதனங்கள், அன்று அணைகள் செய்த காரியத்தை இன்று செய்யவேண்டும்.

இவற்றின் செலவை வண்டி விற்பவரோ வாங்குபவரோ மட்டும் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டால், 1953-இல் நேர்ந்தது மறுபடியும் வேறு வேஷத்தில் நேரும். சாலையையும் குடிநீரையும் எவ்வாறு ஊராரின் பொதுப்பொறுப்பாகக் கொண்டோமோ, அவ்வாறே சார்ஜ் நிலையத்தையும், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் பாதையையும் கொண்டு, ஊரின் மண்ணையும் மழையையும் முன்கூட்டியே கணக்கிட்டு, தலைமுறைதோறும் புதுப்பித்து வரவேண்டும். இந்தியாவிலேயே முதலில் மின்சார வண்டியை ஓட்டிய நகரம், அதை நிலைநிறுத்தும் வகையையும் இம்முறை பிற நகரங்களுக்குக் காட்டுமானால், அதுவே 1895-ஆம் ஆண்டின் பெருமைக்கு நாம் செய்யும் உண்மையான நியாயமாகும்.