மூன்றில் இரண்டுதான்: வீட்டு ஸ்பீக்கரின் நூறாண்டுக் கணக்கு

வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குகிறவர்கள் மனத்தில் ஒரு படிநிலை பதிந்திருக்கிறது. அலமாரியில் வைக்கும் சிறிய பெட்டி ஆரம்பக்காரர்களுக்கு. தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர் தேர்ந்த ரசிகர்களுக்கு. கையில் காசு சேரச் சேர ஸ்பீக்கரின் உயரமும் ஏற வேண்டும் என்பது கடைகளின் வாய்ப்பாடு. ஸ்பீக்கரின் நூறாண்டு வரலாறு இந்தப் படிநிலைக்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது. முதலில் பெட்டி பெருத்தது. பிறகு திடீரென்று சுருங்கியது. அதன் பின் ஒல்லியாகி உயர்ந்தது. அந்தந்தக் காலத்தில் எது மலிவாகக் கிடைத்தது, எது கிடைக்காமல் இழுத்தடித்தது என்பதுதான் ஒவ்வொரு முறையும் பெட்டியின் உருவத்தைத் தீர்மானித்தது. டவர் ஸ்பீக்கரும் அப்படி ஒரு காலத்தில் எட்டப்பட்ட உடன்பாடுதான். அந்த உடன்பாட்டின் ஷரத்துகள் தெரிந்தவருக்கு அது நல்ல பொருள். தெரியாதவருக்கு விலையுயர்ந்த மரச்சாமான்.

கதை 1925-இல் தொடங்குகிறது. அதற்கு முன்பும் ஒலிபெருக்கிகள் இருந்தன. 1919-இல் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சன் சான் டியேகோவில் பெருங்கூட்டத்தில் பேசியபோது அவர் குரலைச் சுமந்தவை மேக்னவாக்ஸின் குழாய் ஒலிபெருக்கிகள். பேச்சுக்குக் குழாய் போதும். இசை அதில் தகரச் சத்தமாகிவிடும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, குழாயே இல்லாமல், காந்தப்புலத்தில் அசையும் கம்பிச்சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பினால் ஒலியெழுப்பும் முறையை விளக்கியது. மறு ஆண்டே அது ரேடியோலா 104 என்ற பெயரில், ஆம்ப்ளிஃபயரையும் உள்ளடக்கி, விற்பனைக்கு வந்தது. இன்று விற்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களின் உள்ளே இருப்பது அந்தக் கூம்பின் வம்சம்தான். ஆனால் கூம்புக்கு ஒரு பிறவிக்குறை உண்டு: முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கிறது, இரண்டும் சந்தித்தால் கீழ்ஸ்தாயி ஒலி, அதாவது பாஸ், ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்பக்க ஒலியை அடைத்து வைக்கவே பெட்டி வந்தது. பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் அந்தப் பின்பக்க ஒலியை வீணாக்காமல் ஒரு துளை வழியாக வெளியே விட்டு பாஸைக் கூட்டும் உத்திக்கு 1932-இல் காப்புரிமை பெற்றார். இப்போதைய டவர் ஸ்பீக்கர்கள் பலவற்றில் முன்னாலோ பின்னாலோ தெரியும் வட்டத் துளை அவருடைய யோசனை.

அந்தக் காலத்தில் கிடைக்காமல் இழுத்தடித்தது மின்திறன். வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் விலை அதிகம், திறனோ குறைவு. இசை ரசிகர்கள் கொண்டாடிய 1947-ஆம் ஆண்டின் வில்லியம்சன் ஆம்ப்ளிஃபயர்கூட 15 வாட்தான். எனவே சொற்ப வாட்டைக் கொண்டு அதிக ஒலி எழுப்புவதே ஸ்பீக்கரின் முதல் கடமையாக இருந்தது. திரையரங்குகளில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் டக்ளஸ் ஷீரர் தலைமையில் 1930-களின் நடுவில் உருவான ராட்சத ஹார்ன் (குழாய்) ஸ்பீக்கர்கள் இதற்கு விடை. வீட்டுக்கு விடை தந்தவர் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் தொழில் நடத்திய பால் க்ளிப்ஷ். அவருடைய க்ளிப்ஷார்ன் ஆளின் மார்பளவுக்கு மேல் நிற்கும், அறையின் மூலையில்தான் வைக்க முடியும். ஏனென்றால் மூலைச் சுவர்கள் இரண்டும் அதன் ஹார்னின் தொடர்ச்சியாக வேலை செய்கின்றன. ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 105 டெசிபெல் வரை எழுப்பும் என்பது அதன் கணக்கு. இன்றைய சாதாரணச் சிறு ஸ்பீக்கர் அதே ஒரு வாட்டுக்கு 85 டெசிபெல் தரும். இந்த 20 டெசிபெல் வித்தியாசம் மின்திறனில் 100 மடங்கு. அன்று அந்த 100 மடங்கைக் காசு கொடுத்து வாங்க வழியில்லை. இடத்தைக் கொடுத்து வாங்கினார்கள்.

இந்தப் பண்டமாற்றுக்குப் பின்னால் இருக்கும் விதியை ஒலிப்பொறியாளர்கள் ஹாஃப்மனின் இரும்பு விதி என்பார்கள். பியானோ மேதை யோசெஃப் ஹாஃப்மனின் மகனும், கே.எல்.எச். ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள மூன்றாம் எழுத்துக்கு உரியவருமான ஜே. ஆன்டன் ஹாஃப்மன் வகுத்தது அது. ஆழமான பாஸ், சிறிய பெட்டி, குறைந்த மின்திறனில் அதிக ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். மூன்றாவதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். விதியின் கடுமை எண்ணில் தெரியும். ஒரு ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். செயல்திறன் குறையாமல் அதை 25 ஹெர்ட்ஸுக்கு இறக்க விரும்பினால் பெட்டியின் கொள்ளளவு 8 மடங்காக வேண்டும். பெட்டியைப் பெரிதாக்க மனமில்லையென்றால் அதே ஒலிக்கு 8 மடங்கு மின்திறன் தர வேண்டும். எந்த நிறுவனமும், எந்த விலையிலும், இந்தக் கணக்கைத் தாண்டியதில்லை. சிறு பெட்டியில் பெரும் பாஸ் எழுப்பும் இன்றைய கருவிகளும் உள்ளே பெரிய ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு விதிக்குக் கப்பம் கட்டுகின்றன.

அப்படிக் கப்பம் கட்டலாம் என்று முதலில் துணிந்தவர் எட்கர் வில்ச்சர். ஹென்றி க்ளோஸுடன் சேர்ந்து மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் (ஏ.ஆர்.) நிறுவனத்தை நடத்திய அவர், 1954-இல் ஏ.ஆர்.-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே கூம்புக்கு ஸ்பிரிங் ஆக்கினார். தளர்வாகக் கட்டிய 12 அங்குல வூஃபர் (பாஸ் எழுப்பும் கூம்பு), தூக்கி அலமாரியில் வைக்கத்தக்க பெட்டிக்குள்ளிருந்து, குளிர்பதனப் பெட்டியளவு ஸ்பீக்கர்களுக்குச் சவால்விடும் பாஸைத் தந்தது. விட்டுக்கொடுத்தது செயல்திறனை. அதுவரை நீடித்த மரபின்படி இது தோல்வியாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு விஷயங்கள் அவருக்குக் கைகொடுத்தன. 1958-இல் ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்தது. ஒரு மூலையில் ஒரு பூதத்தை வைக்கச் சம்மதித்த வீடுகள், இரண்டு மூலைகளில் இரண்டு வைக்கச் சம்மதிக்கவில்லை. அடுத்த பத்தாண்டில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்கள் வாட்டின் விலையைச் சரித்தன. 1966 வாக்கில் அமெரிக்க ஸ்பீக்கர் சந்தையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏ.ஆர். நிறுவனத்திடம் இருந்தது. ஃபைன் ஆர்ட்ஸ் என்ற தந்தி வாத்திய நால்வர் குழு மேடையில் வாசிக்க, நடுநடுவே அவர்கள் வில்லை மட்டும் அசைத்துக்கொண்டிருக்க, ஒலி ஸ்பீக்கருக்கு மாறிய இடத்தைக் கண்டுபிடியுங்கள் என்று கேட்போருக்குப் போட்டி வைத்தது அந்நிறுவனம். உருவத்தைப் பார்த்து ஒலியை எடைபோடும் பழக்கத்துக்கு விடுத்த நேரடிச் சவால் அது.

அப்படியானால் சிறு பெட்டியே நிலைத்திருக்க வேண்டுமே, டவர் எப்படி வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் காரணம் கணிதம். துராஸின் துளைப்பெட்டி அதுவரை குத்துமதிப்பாகச் செய்யப்பட்டு வந்தது. சரியாக அமையாவிட்டால் பாஸ் இரைச்சலாகக் குழையும். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் எழுதிய கட்டுரைகள், வூஃபரின் சில அளவுகளை வைத்தே துளைப்பெட்டியின் நடத்தையை முன்கூட்டிக் கணக்கிட வழிசெய்தன. இரண்டாவது, ஸ்டீரியோவின் கோரிக்கை. பாடகர் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே நிற்பதுபோலத் தெளிவாகக் கேட்க, மேல்ஸ்தாயி ஒலியை எழுப்பும் ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்தில் இருப்பது நல்லது; விளிம்புகளில் ஒலி சிதறிக் குழப்பாமல் இருக்கப் பெட்டியின் முகம் குறுகலாக இருப்பதும் உதவும். ஆகவே அலமாரி ஸ்பீக்கர் அலமாரியை விட்டு இறங்கி, ஸ்டாண்ட் மீது ஏறியது. ஏறியதும் ஓர் எளிய உண்மை எல்லார் கண்ணிலும் பட்டது: ஸ்டாண்ட் பிடிக்கும் தரை இடமும், தரைவரை நீளும் பெட்டி பிடிக்கும் இடமும் ஒன்றே. ஸ்டாண்டை எடுத்துவிட்டுப் பெட்டியை நீட்டினால் கொள்ளளவு இரண்டு மூன்று மடங்காகிறது. வீட்டில் ஒரு சதுர அடிகூடக் கூடுதலாகப் போகவில்லை. டவர் ஸ்பீக்கர் பிறந்த நியாயம் இதுதான்.

குறுகிய முகத்துக்கும் ஒரு விலை உண்டு. பெட்டியின் அகலத்தைவிட அலைநீளம் மிகுந்த ஒலிகள் முன்பக்கம் மட்டும் போகாமல் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் பரவிவிடும். 20 சென்டிமீட்டர் அகல முகத்துக்கு இந்த இழப்பு 600 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்கி, கீழே போகப் போக 6 டெசிபெல் வரை சேரும். அதை ஈடுகட்ட, கீழ்ப்பகுதிக்கு மட்டும் இரண்டாவது வூஃபர் ஒன்றைக் கூட்டினார்கள். ஒரு டவரில் வரிசையாக இரண்டு மூன்று வூஃபர்கள் இருப்பதைப் பார்த்து ஒலியின் செழிப்பு என்று நினைக்கிறோம்; அவற்றில் ஒரு பகுதி, அழகுக்காகவும் இடத்துக்காகவும் பெட்டியை ஒல்லியாக்கியதால் வந்த கடனை அடைக்கிறது.

இந்த உடன்பாடு நிலைபெற்ற சமயத்தில்தான் ஹோம் தியேட்டர் வந்தது. 1992-இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துடன் திரையரங்குக்கு வந்த டால்பி டிஜிட்டல், சில ஆண்டுகளில் டிவிடி வழியாக வீடுகளில் பரவியது. வெடியும் இடியும் தனித்தடத்தில், அடிமட்ட பாஸுக்கென்றே அமைந்த சப்வூஃபர் என்ற பெட்டிக்குப் போயின. டாம்லின்சன் ஹோல்மன் வழிகாட்டிய டி.எச்.எக்ஸ். என்ற தரமுறையின் வீட்டு அமைப்போ மற்ற எல்லா ஸ்பீக்கர்களின் பாஸையும் 80 ஹெர்ட்ஸில் வெட்டி சப்வூஃபரிடமே ஒப்படைக்கச் சொன்னது. அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் பிரித்தறியாது. இங்கே ஒரு முரண் பிறந்தது. பெட்டியைத் தரைவரை நீட்டியதே பாஸுக்காக. அந்த பாஸின் அடிப்பகுதியை வேறொரு பெட்டி எடுத்துக்கொண்ட பிறகும், ஹோம் தியேட்டர் தொகுப்புகளின் முகப்பில் டவர்களே நின்றன. காரணம் தொலைக்காட்சியின் இருபுறமும் அவை தரும் கம்பீரம் என்றால் மிகையில்லை.

டவரின் ஆதரவாளர்களிடம் இதற்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் மனிதக் குரலும் பெரும்பாலான வாத்தியங்களின் உடலும் இருக்கின்றன. அங்கேயும் பெரிய பெட்டியும் கூடுதல் வூஃபர்களும் செயல்திறனைத் தருகின்றனவே என்பார்கள். உண்மை. திரைப்பட ஒலியின் அளவுகோல்படி ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபெலைத் தொட வேண்டும். 85 டெசிபெல் ஸ்பீக்கருக்கு ஒரு மீட்டரிலேயே அதற்கு 100 வாட் வேண்டும். 90 டெசிபெல் டவருக்கு 32 வாட் போதும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி உட்கார்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. ஆக, பெரிய கூடத்தில், உரத்துக் கேட்பவருக்கு, டவர் தன் விலைக்கு நியாயம் செய்கிறது. ஆனால் இந்த மறுப்பு டவரைப் பெரிய கூடத்தின் கருவியாக நிறுவுகிறதே ஒழிய, எல்லா வீட்டுக்கும் மேலான கருவியாக நிறுவவில்லை. கேட்கும் இசையும் கணக்கில் வர வேண்டும். ஒரு கட்டை சுருதியில் பாடும் பாடகருக்குப் பின்னால் மீட்டும் தம்புராவின் மந்தர ஷட்ஜம் ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸ். நாலு தந்தி பாஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41. பியானோவின் கடைசிக் கட்டை 27.5. கச்சேரி மட்டும் கேட்பவர் 25 ஹெர்ட்ஸுக்குப் பணம் கட்டுவது வீண்.

ரசனை ஆளுக்காள் வேறுபடும், காதுக்குப் பிடித்ததை வாங்குவதுதானே முறை என்பது இன்னொரு மறுப்பு. இதைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் சோதித்தார். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை மறைத்து மதிப்பெண் போடச் சொன்னபோது கேட்போர் பெரும்பாலும் ஒத்துப்போனார்கள்: நேராக வரும் ஒலி ஏற்ற இறக்கமின்றியும், பக்கங்களில் பரவும் ஒலி சீராகவும் உள்ள ஸ்பீக்கரையே விரும்பினார்கள். 1994-இல் அவரும் ஷான் ஆலிவும் வெளியிட்ட ஆய்வு இன்னும் கூர்மையானது. திரை விலகி ஸ்பீக்கர் கண்ணில் பட்டதும் பெரிய, அழகான பெட்டிகளின் மதிப்பெண் ஏற, சிறிய, விலைகுறைந்த அமைப்பின் மதிப்பெண் இறங்கியது. ஒலி மாறவில்லை, மாறியது பார்வை. காதை நம்பச் சொல்பவர்கள் கண்ணை முதலில் மூட வேண்டும்.

கடைசியாக, கடைக்காரர் விற்க முடியாத ஓர் உறுப்பு மிச்சமிருக்கிறது: அறை. 4 மீட்டர் நீள அறை 43 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே முழங்கும். 3 மீட்டர் உயரக் கூரை 57-இல் முழங்கும். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் அந்த முழக்கத்தை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும். சுவரிலிருந்து ஸ்பீக்கர் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே பாஸைக் கூட்டவும் குறைக்கவும் வல்லது என்று ராய் அல்லிசன் 1974-இலேயே அளந்து காட்டினார். சின்ன அறையில் 30 ஹெர்ட்ஸ் டவரை மூலையோடு ஒட்டி வைப்பவர், காசு கொடுத்து வாங்கிய ஆழத்தை உறுமலாகத்தான் கேட்பார். சிறு ஸ்பீக்கர்களை, பாடகர் நடுவே நிற்பதுபோன்ற ஒலி மேடை சரியாக அமையும் இடத்திலும், சப்வூஃபரை பாஸ் சீராக விழும் இடத்திலும் தனித்தனியே வைக்க முடியும்; டவரில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் கட்டுண்டவை. சிறு கூடங்களில் இந்தச் சுதந்திரம் உயரத்தைவிட மதிப்புள்ளது.

எனவே ஸ்பீக்கர் தேர்வில் முதல் கேள்வி எந்த மாடல் என்பதல்ல. ஆழம், அடக்கம், செயல்திறன் மூன்றில் எதை இழக்க நம் வீடு தயார் என்பதே. க்ளிப்ஷின் காலத்து ரசிகர் இடத்தை இழந்தார், வில்ச்சரின் வாடிக்கையாளர் வாட்டை இழந்தார். இருவரும் தெரிந்தே இழந்தார்கள். கூடம் பெரிதாக இருந்து, சப்வூஃபர் வேண்டாமென்று இரண்டே பெட்டியில் இசை கேட்க விரும்புபவருக்கு டவர் இன்றும் செம்மையான விடை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் படமும் பாட்டும் கலந்து கேட்கும் குடும்பத்துக்கு, அதே பணத்தில் நல்ல சிறு ஸ்பீக்கர் இரண்டும் ஒரு சப்வூஃபரும் பெரும்பாலும் கூடுதலாகத் தரும்.