மயானக்கொள்ளையும் கார்னிவலும்

கார்னிவல் என்ற சொல் நம் விமர்சனக் கட்டுரைகளுக்குள் மிகயீல் பக்தின் வழியாக வந்தது. ராபலே பற்றிய அவருடைய நூல் 1965இல் ருஷ்ய மொழியிலும் 1968இல் ஆங்கிலத்திலும் வெளியாயிற்று. அதில் சிரிப்பைப் பற்றியும் முகமூடியைப் பற்றியும் அவர் சொல்வதை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. கார்னிவலில் மேடை இல்லை. ஆகவே ஆடுகிறவன், பார்க்கிறவன் என்ற பிரிவும் இல்லை. எல்லோரும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள் என்பது அவர் வாதம். இதை நாவலுக்குப் பொருத்திப் பார்த்த அளவுக்கு நாம் தெருவுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை. கார்னிவலின் சரித்திரம் உண்மையில் தெருவின் சரித்திரம்தான். தெரு யார் கையில் இருக்கிறது, யார் ஓரத்தில் நிறுத்தப்படுகிறார்கள் என்ற கேள்வியே அதில் திரும்பத் திரும்ப வருகிறது.

நான் ரியோவுக்கோ வெனிஸுக்கோ போனவன் அல்ல. மாசி மாதம் கிருஷ்ணகிரியில் பஸ் ஏறித் தென்பெண்ணைக் கரையிலுள்ள காவேரிப்பட்டணத்தில் இறங்கியிருக்கிறேன். மகாசிவராத்திரியை அடுத்த அமாவாசையில் அங்காளம்மன் மயானத்துக்குப் புறப்படுகிறாள். மேல்மலையனூர்க் கதை தெரிந்ததுதான்: சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்மகபாலத்தை இறக்க அம்மன் உணவைச் சூறையிட்டாள், அதைத் தின்னக் கபாலம் கீழே இறங்கியது. இங்கே ஆண்கள் புடவை சுற்றி, முகத்தில் வர்ணம் பூசிக் காளியாக வருகிறார்கள். ஒருவன் ஆட்டுக்குடலைப் பல்லில் கவ்வியிருப்பான். இன்னொருவன் உடம்பில் அலகு. பம்பைச் சத்தத்தில் பக்கத்திலிருப்பவன் பேசுவது கேட்காது. சுண்டலும் கொழுக்கட்டையும் காய்கறியும் சில்லறைக் காசும் கூட்டத்தின் மேல் வந்து விழும். பொறுக்கத்தான் வேண்டும், நின்று பார்க்க இடமில்லை. எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் ஒரு வருஷம் காளியாக வந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. நானும் கும்பிட்டேன்.

இதற்கும் ஐரோப்பியக் கார்னிவலுக்கும் உறவு கற்பிப்பது என் நோக்கமல்ல. ஆனால் சந்திரன் இரண்டையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஈஸ்டர் ஒரு பௌர்ணமியை வைத்துக் கணிக்கப்படுவது; அதற்கு 47 நாள் முந்திய செவ்வாய் கார்னிவலின் கடைசி நாள். பௌர்ணமியிலிருந்து ஒன்றரைச் சந்திர மாதம் பின்னால் போனால் ஓர் அமாவாசையை ஒட்டித்தான் வந்து சேர வேண்டும். 2022இல் அந்தச் செவ்வாயும் மகாசிவராத்திரியும் மார்ச் 1 என்ற ஒரே நாளில் வந்தன. 2023இல் மாசி அமாவாசை பிப்ரவரி 20. கார்னிவல் செவ்வாய் 21. சில வருஷங்களில் ஒரு மாதம் விலகிப்போவதும் உண்டு. வரிசைதான் நேர் எதிர். அவர்கள் நாற்பது நாள் நோன்புக்கு முன்னால் இறைச்சிக்கு விடை கொடுக்கிறார்கள். இங்கே விரதமும் கண்விழிப்பும் முடிந்த பிறகே ரத்தம் வருகிறது. அங்கே சாவைப் பரிகசிக்கிறார்கள். இங்கே சாவின் இடத்துக்கே பிள்ளைகுட்டிகளோடு நடந்து போகிறார்கள்.

கார்னிவல் என்று உலகம் இன்று காண்பது பெரும்பாலும் காட்சிதான். வெனிஸ் குடியரசு 1797இல் விழுந்த பிறகு நலிந்துபோன விழா, 1980ஐ ஒட்டிப் புத்துயிர் பெற்றபோது முகமூடிகள் ஊர்க்காரர்களை விடப் பயணிகளுக்கே அதிகம் பயன்பட்டன. ரியோவில் 1984இல் ஆஸ்கர் நீமையர் வடிவமைத்த சம்பாட்ரோம் எழுந்தது: சாலையின் இருபுறமும் கான்கிரீட் படிக்கட்டுகள், டிக்கெட், மதிப்பெண் போடும் நடுவர்கள். டிரினிடாடில் விடுதலை பெற்ற அடிமைகள் கார்னிவல் தெருவைத் தமதாக்கிக்கொண்டார்கள். 1881இல் அவர்களுடைய தீவட்டி ஊர்வலத்தைத் தடுக்கப்போய்ப் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கலகம் மூண்டது. அதே தீவில் 1884 அக்டோபர் 30 அன்று, சான் ஃபெர்னாண்டோவில், மொகரம் ஊர்வலம் வந்த இந்தியக் கூலித் தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள், பலர் இறந்தார்கள். முஸ்லிம்களோடு இந்துக்களும் சேர்ந்து நடந்த ஊர்வலம் அது. பட்டணத்துக்குள் வரக்கூடாது என்பது உத்தரவு. தோட்டத்துக்குள் எதை வேண்டுமானாலும் தூக்கி ஆடலாம். பட்டணத்துத் தெருவில் கால் வைக்கக் கூடாது.

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஓசூர்ப் பக்கம் பார்க்கலாம். 1970களில் சிப்காட் வந்தது. 1980களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கே உற்பத்தியாயின. மலைமேல் சந்திரசூடேஸ்வரர், கீழே தேர்ப்பேட்டை. பங்குனித் தேருக்குத் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் ஒரே வடத்தைப் பிடிக்கிறார்கள். 1956இல் மாநில எல்லை போட்டவர்கள் அந்த வடத்தை அறுக்கவில்லை. நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பெங்களூரில், சைத்ர பௌர்ணமி இரவில், தமிழ் வேருள்ள தோட்டக்காரச் சமூகமான திகளர்கள் திரௌபதியின் கரகம் எடுக்கிறார்கள். பெண்வேடம் பூண்ட கரகக்காரர், வாளேந்திய வீரகுமாரர்கள் சூழ, மஸ்தான் சாகிப் தர்காவில் நின்று போகிறார். அதே திரௌபதிக்காகக் கிருஷ்ணகிரி, தருமபுரிக் கிராமங்களில் பாரதக்கூத்து நடக்கிறது. தபசு மரத்தில் ஏறிய அர்ஜுனன் எறியும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை வேண்டும் பெண்கள் மடி ஏந்துகிறார்கள். படுகளத்தில் களிமண் துரியோதனனைச் சுற்றிப் பீமன் ஓடினால் ஊரும் ஓடுகிறது. 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி நவீன நாடகத்துக்கான மூலத்தைக் கூத்தில் கண்டார். நாடகத்துக்கு அது லாபம்தான். ஆனால் அரங்கத்துக்குள் வந்த தெருக்கூத்து நம்மை நாற்காலியில் உட்காரவைத்துவிடுகிறது. பெயரின் முன்பாதி உதிர்ந்துபோகிறது.

அரங்கத்துக்கு வெளியிலும் தெரு போய்க்கொண்டிருக்கிறது. எருது விடும் விழாவில் கொம்பில் தட்டி கட்டிய மாடு ஊர்த்தெருவில் ஓடிவர, இளைஞர்கள் தட்டியைப் பறிப்பார்கள். 2023 பிப்ரவரி 2 அன்று சூளகிரி அருகே கோபசந்திரத்தில் அனுமதி தாமதமானதும், கூட்டம் தேசிய நெடுஞ்சாலையை மறித்தது. மணிக்கணக்கில் வண்டிகள் நின்றன. பஸ்கள் மீது கல் விழுந்தது. போலீஸ் கூட்டத்தைக் கலைத்தது. பயணிகள் மீது கல்லெறிவதில் கொண்டாட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் அன்று மோதியவை இரண்டு வகைப் பாதைகள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று நிற்பதற்கான தெரு. மற்றது கடந்துபோவதற்கான சாலை. சாலைக்கு ஓட்டுகிறவன் மட்டுமே உண்டு. அதில் நிற்கிறவன் எவனும் இடைஞ்சல்.

இவ்வளவு சொன்ன பிறகு பக்தினை அப்படியே இங்கே இறக்கிவைக்கவும் முடியவில்லை. தெரு என்றால் எந்தத் தெரு? தேரோடும் வீதி என்று தனியாக ஒரு பெயர் இருப்பதே மற்ற வீதிகளில் தேர் ஓடாது என்பதால்தான். பல ஊர்களில் சாமி சேரி எல்லையில் திரும்பிவிடுகிறது. பறையடிக்கிறவன் ஊர்வலம் முழுக்க வருகிறான். சாமி அவன் தெருவுக்கு வருவதில்லை. சுடுகாடும் பல ஊர்களில் இரண்டு. சான் ஃபெர்னாண்டோவில் அப்படியொரு கோட்டைக் கிழிக்க அரசாங்கம் உத்தரவு போட வேண்டியிருந்தது. நமக்கு உத்தரவுகூடத் தேவைப்படவில்லை.

கார்னிவல் எல்லோரையும் சமமாக்குகிறது என்று எழுதுவதற்கு முன்னால், ஊர்வலம் எந்த மூலையில் திரும்புகிறது என்று கூடவே நடந்து போய்ப் பார்க்க வேண்டும். டவுன் பஸ் போகிற தூரம்தான்.