படுக்கை மணி வந்த வரலாறு

ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றால் சோழர் கடற்படையையோ கோயிற் சிற்பத்தையோ அன்பர்கள் எதிர்பார்த்தல் இயல்பு. நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சற்றுக் கூச்சந் தரத்தக்கது. ஆயினும் நம் காலனிக் குடும்பங்களில் வாய்விட்டுப் பேசப்படாமல் இருந்துவரும் பொருள் அது. குழந்தைகள் உறக்கத்தில் அறியாது படுக்கையை நனைப்பதும், அதனை மாற்ற ஒரு மின்சார மணி தோன்றிய வரலாறுமே நாம் கூறப் புகுவது.

ஊரிலே பின்கட்டும் கிணற்றடியும் உண்டு. பாயை அலசி உலர்த்தினால் அயலார் அறியார். இங்கு நமக்கு வாய்த்தது இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். மதிற்சுவரின்மேல் மெத்தை ஏறிய சிறிது நேரத்திற்குள் செய்தி நாலு பிளாக்குகளையும் சுற்றி வந்துவிடும். கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லப் பாஸ் கையில் இருந்தும், இரண்டு இரவு ரயிற் பயணத்தை எண்ணி அஞ்சும் தாய்மார் இருக்கின்றனர். ஊரில் கலியாண வீட்டுக் கூடத்தில் எல்லாப் பிள்ளைகளோடும் வரிசையாகப் படுக்க அந்தக் குழந்தை படும் அச்சத்தையோ சொல்லி முடியாது.

இஃது ஏதோ ஒரு வீட்டிற்கு மட்டும் நேர்ந்த குறையன்று. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து குழந்தைகள் ஏறக்குறைய இவ்வாறு இருக்கின்றனர். ஏழு வயதிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் உண்டு. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு முதல் நான்கு பேர் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். ஆனால் அவர்களுள் ஒருவரும் மற்றவரை அறியார். ஆண்டுதோறும் இவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. தந்தைக்கோ தாய்க்கோ இளமையில் இருந்திருப்பின் குழந்தைக்கும் வருதல் மிகுதி. அதட்டும் தகப்பனாரே தம் பாட்டியைக் கேட்டால் உண்மை வெளிப்படக்கூடும்.

பண்டைக் காலத்து மருந்துகளைப் பார்ப்போமாயின் சிரிப்பும் வருகிறது, பரிதாபமும் உண்டாகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் சுவடியிலேயே இதற்கு மருந்து கூறப்பட்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் முதன்முதலாகக் குழந்தை வைத்திய நூல் இயற்றிய தாமஸ் ஃபேயர் என்பார், படுக்கை நனைத்தலுக்கென ஒரு தனிப் பகுதியே எழுதினார். சேவலின் தொண்டைக் குழாயைச் சுட்டுப் பொடித்துக் கொடுக்க வேண்டுமென்பது அவர் சொன்ன வழி. சேவலுக்குத் தீங்கேயன்றிக் குழந்தைக்கு இதனால் பெரிய தீங்கில்லை. பிற்காலத்தார் கைக்கொண்ட பிரம்பைக் காட்டிலும் ஃபேயரின் பொடி மேலானது என்றே நாம் கருதுகிறோம்.

1904-ஆம் ஆண்டில் இவ்வரலாறு திரும்புகிறது. ஆஸ்திரியா நாட்டின் கிராட்ஸ் நகரில் குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராக இருந்தவர் மைன்ஹார்ட் ஃபௌண்ட்லர். படுக்கை நனைந்தவுடன் மணியடிக்கும் கருவி ஒன்றை அவர் அமைத்து மருத்துவர் சபையின்முன் காட்டினார். இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அந்த மணி குழந்தைக்காக அமைந்ததன்று, தாதிமாருக்காக அமைந்தது! ஈரத்தில் நெடுநேரம் கிடந்து குழந்தையின் தோல் புண்ணாகாமல், உடனே துணி மாற்ற வேண்டுமென்பதே அவர் நோக்கம். ஆனால் சில வாரங்களில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. மணி பொருத்திய படுக்கையில் உறங்கிய குழந்தைகளுட் சிலர் நனைப்பதையே நிறுத்திவிட்டனர். ஃபௌண்ட்லர் அதனைக் கண்டு குறித்தும் வைத்தார். எனினும் அதனைச் சிகிச்சை முறையாக வளர்க்க அவர் முற்படவில்லை. பின்னர் அவர் மியூனிக் நகருக்குச் சென்றுவிட்டார். ஐரோப்பாவில் இரண்டொருவர் முயன்றதைத் தவிர, அக்கண்டுபிடிப்பு முப்பத்துநான்கு ஆண்டுகள் ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது.

அவ்விடைக்காலத்தில் குழந்தைகளுக்கு நேர்ந்தது யாது? முசாபர்பூரிலிருந்து நர்கட்டியாகஞ்ச் செல்லும் பாதையில் மோதிஹாரி என்னும் ஊரை நம்மிற் சிலர் கடந்திருப்பர். அவ்வூரில் 1903-இல் பிறந்து, ஜார்ஜ் ஆர்வெல் என்ற புனைபெயரால் உலகறிந்த எழுத்தாளரானவர், எட்டு வயதில் இங்கிலாந்தில் ஒரு விடுதிப் பள்ளியிற் சேர்க்கப்பட்டார். ஆண்டு 1911. வீட்டைப் பிரிந்த துயரில் அவர் மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்கினார். இரவுதோறும் வேண்டாமென்று கடவுளைத் தொழுதும் நிற்கவில்லை. தலைமையாசிரியர் குதிரைச் சவுக்கு முறியும்வரை அடித்தாரென அவரே எழுதியிருக்கிறார். தாம் விரும்பாமலும் அறியாமலும் நிகழும் ஒன்றும் பாவமாகக் கூடும் என்று அன்று தம் மனத்திற் பதிந்ததாக அவர் கூறுவதைப் படிக்கும்போது நெஞ்சம் கனக்கிறது. அக்கட்டுரை அவர் மறைந்த பின்னர், 1952-இல் வெளிவந்தது. கிராட்ஸ் நகரில் மணி ஒலித்து ஏழாண்டுகள் கழிந்த பின்னரே அச்சவுக்கு முறிந்தது!

மணியைச் சிகிச்சையாக்கியவர்கள் அமெரிக்கத் தம்பதிகள். ஹோபார்ட் மௌரர் யேல் பல்கலைக்கழகத்து மனோதத்துவ ஆராய்ச்சியாளர். அவர் மனைவி வில்லி மே. இருவரும் நியூ ஹேவன் நகரத்தில் குழந்தைகள் இல்லம் ஒன்றில் வாழ்ந்து பிள்ளைகளைப் பராமரித்து வந்தனர். நாள்தோறும் நனைந்த விரிப்புகளைக் கண்டவர்களாதலின், இதனை நூலறிவாக மட்டும் அவர்கள் அணுகவில்லை. 1938-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் மூலநூல் போன்றது.

அவர்கள் செய்த விரிப்பு எளியது. இரண்டு உலோக வலைகள். இடையே தடித்த பருத்தித் துணி. துணி உலர்ந்திருக்கும்வரை மின்சாரம் கடவாது. சிறுநீரில் உப்பு உண்டாதலின், நனைந்தவுடன் மின்னோட்டம் பாய்ந்து மணி ஒலிக்கும். ரயிற் பாதையில் வண்டி வந்து நின்றதும் சக்கரங்களின் வழியே மின்சாரம் பாய்ந்து சிக்னல் மாறும் டிராக் சர்க்யூட்டை அறிந்த நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. மணி கேட்டதும் குழந்தை எழுந்து, அதனை நிறுத்திவிட்டுக் கழிப்பறைக்குச் சென்று வர வேண்டும். மூன்று முதல் பதின்மூன்று வயதுவரை உள்ள முப்பது குழந்தைகளுக்கு இம்முறையை அவர்கள் கையாண்டனர். ஒருவருக்கும் இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகவில்லை. முப்பதின்மரும் நலம் பெற்றனர்.

இதற்கு அவர்கள் கூறிய காரணம் ரஷிய அறிஞர் பாவ்லவின் கொள்கையைத் தழுவியது. சிறுநீர்ப்பை நிறைதலும் மணியொலியும் மீண்டும் மீண்டும் சேர்ந்து வருவதால், நாளடைவில் பை நிறையும் உணர்வே மணியின் வேலையைச் செய்யும் என்பது அது. பின்னாளில் நலமடைந்த குழந்தைகளைக் கவனித்தபோது, அவர்களிற் பலர் இரவில் எழுவதே இல்லை, விடியும்வரை அடக்கி உறங்குகின்றனர் என்று தெரியவந்தது. ஆகவே பாவ்லவ் கொள்கை முழு விளக்கமாகாது. கருவியின் பயன் மட்டும் மாறவில்லை.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. மனத்தின் ஆழத்திலுள்ள துயரமே இவ்வாறு வெளிப்படுகிறது, மணியால் அதனை அடைத்தால் வேறு கேடாக வெடிக்கும் என்று மனப்பகுப்பு வைத்தியர்கள் எச்சரித்தனர். மௌரர் தம்பதிகள் அவ்வாறு எதுவும் காணவில்லை. பின்வந்த ஆராய்ச்சிகளும், நனைத்தல் நின்ற குழந்தைகள் முன்னினும் உற்சாகமாக இருந்ததையே காட்டின. பழைய கருவிகளில் மெய்யான குறை வேறொன்று உண்டு. மணியடித்தும் எழாமல் ஈர விரிப்பின்மேல் நெடுநேரம் கிடந்த சில குழந்தைகளுக்கு மின்னோட்டத்தால் தோலிற் புண் உண்டாயிற்று. கருவிகள் திருந்திய பின் அக்குறை நீங்கியது.

1980-களிலிருந்து விரிப்புக்குப் பதில் உள்ளாடையிற் பொருத்தும் சிறு உணரியும், தோளருகே சட்டையில் மாட்டும் சிறு மணியும் வழக்கில் வந்துள்ளன. ஒலியின்றி அதிர்பவையும் இருக்கின்றன. ஒரே அறையில் நால்வர் உறங்கும் நம் குவார்ட்டர்ஸுக்கு அவை நல்லவையே. ஆனால் முதற் சில வாரங்களில் குழந்தை மணிக்கு எழாது, வீடே எழும்! ஆதலின் பெற்றோருள் ஒருவர் எழுந்து குழந்தையை நன்றாக விழிக்கச் செய்து அழைத்துச் செல்ல வேண்டும். நைட் டியூட்டி உள்ள வீடுகளில் இச்சுமை தாய்மார்மேலேயே விழும். இதனை முன்கூட்டியே பேசி முடிவு செய்யாமல் கருவியை வாங்கிப் பத்து நாளில் அலமாரியில் வைத்துவிடுதல் வீண். இரண்டு மூன்று மாதப் பொறுமை வேண்டும். தொடர்ந்து பதினான்கு இரவு உலர்ந்திருத்தலே வெற்றிக்கு அளவு.

மாத்திரைகளும் உண்டு. அவை பிரயாணத்திற்கும் கலியாணத்திற்கும் விரைவில் உதவும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவிடும். மணியால் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் உலர்ந்த நிலை எய்துகின்றனர், அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அது நிலைத்தும் நிற்கிறது. பகலிலும் நனைத்தல், எரிச்சல், மிகுந்த தாகம், ஆறு மாதமாக நின்றிருந்து திடீரெனத் தொடங்குதல் ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் முதலில் டாக்டரிடம் காட்டுதல் அவசியம். மலச்சிக்கலும் ஒரு காரணமாவதுண்டு.

மணியை நீக்கிய பின் மறுபடி நனையாதிருக்க ஒரு வழியுண்டு. மௌரர் தம்பதிகளே தொடக்கத்தில் அதனைக் கைக்கொண்டனர்; பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் அதனை ஆராய்ந்து விளக்கினர். குழந்தை உலர்ந்து உறங்கத் தொடங்கியதும் மணியை உடனே கழற்றிவிடாமல், படுக்குமுன் வழக்கத்தினும் மிகுதியாகத் தண்ணீர் கொடுத்து இன்னுஞ் சில நாள் பழக்குவர். மாலையானால் தண்ணீர்ச் சொம்பை ஒளித்துவைக்கும் நம் வீட்டு வழக்கத்திற்கு இது நேர்மாறு. இவ்வாறு பழகியவர்களுக்குத் திரும்ப வருதல் குறைவு. ஒருகால் வந்தாலும், அதே மணியை மீண்டும் பொருத்தினால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.