தட்டின் நடுவட்டத்தில் ஒரு பங்க் கம்பெனி

பிரிட்டிஷ் த்ராஷ் மெட்டல் குழுவான ஆன்ஸ்லாட்டை நான் முதலில் கேட்டது, தாம்பரத்தில் நண்பர்களிடையே கைமாறி வந்த ஒரு கேசட்டில். மேலே பேனாவால் குழுவின் பெயர் மட்டும். வருஷம் இல்ல, ஊர் இல்ல, கம்பெனி இல்ல. மெட்டாலிகாவைப் பார்த்துக் கிளம்பிய இன்னொரு கூட்டம்னு ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்.

போன மாசம் குரோம்பேட்டை நண்பர் ஒருத்தர் வீட்டில் அவர்களுடைய முதல் ஆல்பம் 'பவர் ஃப்ரம் ஹெல்' (1985) எல்பி கைக்கு வந்தது. முதல் பதிப்பு. நடுவட்டத்தில் 'சில்ட்ரன் ஆஃப் த ரெவல்யூஷன்' என்ற கம்பெனிப் பெயர். அது பிரிஸ்டல் ஊரின் சின்ன பங்க் கம்பெனி!

அப்புறம் தேடினால் கதையே வேற. ஆன்ஸ்லாட் எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிஸ்டலில் பங்க் குழுவாகத்தான் ஆரம்பித்தது. டிஸ்சார்ஜ் குழுவின் தாக்கம் அதிகம். மெட்டல் பிறகு வந்தது. 1988-இல் சாபட்டின் முதல் ஆல்பத்தை ஜெர்மனியின் நாய்ஸும், 1989-இல் ஜென்ட்ரிக்ஸின் முதல் ஆல்பத்தை ரோட்ரன்னரும் வெளியிட்டன. இரண்டும் மெட்டல் கம்பெனிகள். ஆன்ஸ்லாட்டின் முதல் தட்டு மட்டும் வந்த வழியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

முதல் பதிப்புக்குக் காசைக் கொட்டுகிறவர்களை நானே கிண்டல் பண்ணியிருக்கேன். இப்போ கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன். ஒலி என்னவோ கரடுமுரடுதான். இத்தனை வருஷம் கேசட்டைத் திட்டினேன், தட்டிலும் அப்படித்தான் இருக்கு.

இதில் வேடிக்கை, அந்த மெட்டாலிகாவே 1998-இல் 'கராஜ் இன்க்.' ஆல்பத்தில் டிஸ்சார்ஜின் 2 பாட்டுகளை எடுத்து வாசித்திருக்கிறார்கள்.